சோப்பு அலமாரி முன்னால் இருபது நிமிடம்

கேள்வி:

வேலை கிடைத்து வெளிநாட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆபீஸில் ஒரு குறையும் இல்லை, என் வேலை எனக்குத் தெரியும். ஆனால் ஆபீஸை விட்டு வெளியே வந்தால் ஒவ்வொன்றும் மலையாகத் தெரிகிறது. போன வாரம் துணி துவைக்கிற லிக்விட் வாங்கப் போனேன். அலமாரி முன்னால் இருபது நிமிடம் நின்றேன். எதையும் எடுக்காமல் திரும்பி வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முப்பத்தைந்து வயதாகிறது, எனக்கு ஒரு சோப்பு வாங்கத் தெரியாதா? என் கணவர் எனக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு வந்தவர். முதல் மாதம் உற்சாகமாக இருந்தார். இப்போது பேச்சே குறைந்துவிட்டது, பகலில் ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. ஊருக்குப் போன் செய்தால் எல்லாரும் 'உனக்கென்ன, கொடுத்து வைத்தவள்' என்கிறார்கள். இங்கே ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா?

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஒன்று, 'எனக்கு ஒரு சோப்பு வாங்கத் தெரியாதா?' இன்னொன்று, 'திரும்பிப் போய்விடலாமா?' முதல் கேள்விக்கு நீங்களே ஒரு தவறான பதிலைச் சொல்லிக்கொண்டு, அதை வைத்து இரண்டாவதை முடிவு செய்யப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதனால் முதலில் சோப்பு.

அந்த அலமாரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஊரில் இதே பொருளை எடுக்க உங்களுக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? மூன்று, நான்கு? கை தானாகப் போயிருக்கும், கண் நிறத்தை மட்டும் பார்த்திருக்கும், மனம் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கும். இங்கே நிறம் உதவாது. ஒரே மாதிரி பாட்டில்களில் ஒன்று துவைக்க, பக்கத்தில் இருப்பது துவைத்தபின் துணியை மிருதுவாக்க, அடுத்தது கம்பளித் துணிக்கு மட்டும், அதற்கடுத்தது கறை போக்க. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் வார்த்தைக்குப் பொருள் தெரியாது, பொருள் தெரிந்தாலும் வீட்டு மெஷினில் அதை எந்தக் குழியில் ஊற்றுவது என்று தெரியாது. போனை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினால் பின்னால் ஒருவர் வழிவிடச் சொல்லி நிற்கிறார், அவர் சொன்னதும் பாதிதான் காதில் விழுந்தது. சரி, ஒன்றை எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அடுத்து பணம் கட்டும் இடம்: ஆள் உட்கார்ந்திருக்கிற வரிசையா, நாமே ஸ்கேன் செய்கிற மெஷினா, பை தருவார்களா, ஏதோ அட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்களே, அது என்ன அட்டை. ஒரு பாட்டிலுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து முடிவுகள் வரிசையில் நிற்கின்றன. அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து பேருந்து, கதவு, வணக்கம், கையெழுத்து, லிஃப்ட் பொத்தான் என்று எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்துவிட்டு, எட்டு மணி நேரம் இரண்டாம் மொழியில் பேசிக் களைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நீங்கள் அந்த அலமாரி முன்னால் போய் நின்றீர்கள். களைத்துப்போன மனம் அங்கே நின்றுவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. திறமைக்கும் வயதுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

எனக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. புது நாட்டுக்குப் போன இரண்டாவது வாரம், நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பேருந்து நின்றது, கதவு திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான், அதை நாம்தான் அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பேருந்து கிளம்பிவிட்டது, அடுத்த நிறுத்தத்திலும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்து கேட்க வார்த்தை வரவில்லை, நெஞ்சு படபடத்தது. மூன்றாவது நிறுத்தத்தில் பின்னாலிருந்து ஒரு வயதான அம்மா கையை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அந்தப் பச்சைப் பொத்தான் இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. வெளிநாட்டு வாழ்க்கைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆலோசனை சொல்வதே தொழிலாகிப் போன இத்தனை வருடத்தில், என்னிடம் வந்து அழுதவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு பொத்தான் முன்னாலோ அலமாரி முன்னாலோதான் உடைந்துபோயிருக்கிறார்கள். பெரிய கஷ்டத்துக்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டு வருகிறோம், தாங்கியும் விடுகிறோம். சின்ன விஷயத்துக்கு யாரும் தயார் செய்துகொள்வதில்லை.

இந்த நிலைக்குப் பெயர் இருக்கிறது, பண்பாட்டு அதிர்ச்சி என்பார்கள். அந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் காலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். கனடாவில் ஃபின்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் இதைப் பற்றிப் பேசினார், 1960-இல் அந்தப் பேச்சு அச்சில் வந்தது. அதிர்ச்சி என்றதும் ஏதோ பெரிய மோதல் என்று நினைத்துவிடுவோம். அவர் சொன்ன உதாரணங்கள் என்ன தெரியுமா? எப்போது கை குலுக்குவது, சந்தித்தால் என்ன சொல்வது, டிப்ஸ் எப்போது எப்படிக் கொடுப்பது, கடையில் பொருள் எப்படி வாங்குவது, ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் எப்போது சரி என்பது, எப்போது மறுப்பது. கடையில் பொருள் வாங்குவது அவர் பட்டியலிலேயே இருக்கிறது, பார்த்தீர்களா? பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த, நமக்குத் தெரியும் என்பதே நமக்குத் தெரியாத ஆயிரம் சின்ன அறிகுறிகள் ஒரே நாளில் கையை விட்டுப் போகின்றன. அதனால் வருகிற பதற்றம்தான் இது.

'ஐந்து மாதம் ஆகிறது' என்று நீங்கள் எழுதியதில் ஒரு குற்ற உணர்வு தெரிந்தது, முதல் மாதமே சரியாகியிருக்க வேண்டும் என்பதுபோல. 1955-இல் நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்கு உதவித்தொகையில் போய் வந்த 200 நார்வேக்காரர்களைப் பேட்டி கண்டு எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகவே இருந்ததாகச் சொன்னார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். முதலில் உற்சாகம், அப்புறம் ஒரு பள்ளம், பிறகு மெல்ல ஏற்றம் என்று எல்லாரும் சொல்கிற வளைவு அங்கிருந்து வந்தது. ஆனால் இதைப் பஞ்சாங்கம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998-இல் காலின் வார்டு என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, உற்சாகத்தில் தொடங்கவேண்டிய முதல் நாளிலேயே மனச்சோர்வு அதிகமாக இருந்தது, நடுவில் குறைந்தது, ஒரு வருடம் ஆகும்போது மறுபடி ஏறியது. ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம் இது. உங்கள் கணவருக்கு முதல் மாதம் உற்சாகமும் அப்புறம் இறக்கமும், உங்களுக்கு வேலை மும்முரத்தில் நான்கு மாதம் ஒன்றும் தெரியாமல் ஐந்தாவது மாதம் மொத்தமாக இறங்கியது, இரண்டுமே நான் அடிக்கடி பார்ப்பவை.

வார்டு சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பயன்படுகிறது. மனம் எப்படி இருக்கிறது என்பது வேறு, அன்றாடக் காரியங்களைச் செய்யத் தெரிகிறதா என்பது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார். இரண்டாவது, சைக்கிள் ஓட்டுவதுபோல ஒரு பழக்கம், கற்றுக்கொண்டால் வந்துவிடும். அதற்குத் தைரியமோ நேர்மறை எண்ணமோ தேவையில்லை, திரும்பத் திரும்ப ஒரே காரியத்தை ஒரே இடத்தில் செய்தால் போதும்.

ஆகவே அடுத்த இரண்டு மாதத்துக்கு உங்கள் ஊரைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒரே கடை, ஒரே கிழமை, ஒரே நேரம். வேறு கடையில் மலிவு என்று யார் சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம். வேலை முடிந்த களைப்பில் போகாதீர்கள், விடுமுறை நாள் காலையில் போங்கள், கூட்டமும் இருக்காது. ஒரு பொருள் ஒத்துவந்துவிட்டால் அதன் படத்தைப் போனில் தனியாக ஒரு ஆல்பத்தில் போட்டு வையுங்கள், அடுத்த முறை யோசிக்க வேண்டாம், படத்தைப் பார்த்து எடுத்தால் போதும். சிறந்தது எது என்று தேடுகிற வேலையை முதல் வருடம் தள்ளிப் போடுங்கள், ஒப்பேறுகிற மாதிரி இருந்தால் அதுவே போதும். இதைச் சொன்னால் படித்தவர்கள் பலர் என்னிடம் சண்டைக்கே வருகிறார்கள், எல்லாவற்றையும் ஆராய்ந்து சரியானதை எடுத்தே பழகிய மனம் அவர்களுக்கு. அந்த மனம்தான் இந்தப் புது இடத்தில் சீக்கிரம் களைத்துப்போகிறது.

நான்கு முறை அதே கடைக்கு அதே நேரம் போனால் இன்னொன்றும் நடக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் முகத்தை அடையாளம் கண்டுகொள்வார். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், காப்பிக் கடையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தவர்களைவிட, காசாளரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள் அதிக மகிழ்ச்சியோடு வெளியே வந்தார்கள். புது நாட்டில் இரண்டு வார்த்தைக்கே கூச்சமாக இருக்கும். இரண்டு வார்த்தையைத்தான் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன், அந்த ஊர் மொழியில், அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற ராகத்தோடு.

தோழி கிடைக்கவில்லை என்றீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வர சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்லிக்கொள்ள சுமார் 90, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். அதிலும் ஒன்றாக வேலை பார்க்கிற நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேராது. இப்போது உங்கள் ஐந்து மாதத்தை எடுத்துப் பாருங்கள், ஆபீஸைக் கழித்துவிட்டால் ஒரே மனிதரோடு ஐந்து மணி நேரம்கூட இருந்திருக்க மாட்டீர்கள். யாரும் உங்களை ஒதுக்கவில்லை, நேரம் சேரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் சந்தித்தால் ஐம்பது மணி சேர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும், வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் வந்துவிடும். அதனால் ஒருநாள் விருந்து, அறிமுகக் கூட்டம் போன்றவற்றை நம்பாதீர்கள், நூறு பேரிடம் பெயர் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவீர்கள். அதே முகங்கள் வாராவாரம் வருகிற இடம் எதுவோ அதில் சேருங்கள். மொழி வகுப்பு, பாட்டுக் குழு, நீச்சல், நூலகத்து வாசிப்பு வட்டம், எதுவானாலும் சரி. மொழி வகுப்புக்கு என் ஓட்டு, ஏனென்றால் அங்கே எல்லாருமே தடுமாறுகிறவர்கள், யாரும் யாரையும் அளந்து பார்ப்பதில்லை.

நம் மொழி பேசுகிறவர்களோடு பழகினால் இங்கே ஒட்டாமல் போய்விடுவோம் என்று சிலர் ஒதுங்கியே இருக்கிறார்கள், வேறு சிலர் அந்த வட்டத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. ஜான் பெரி என்ற கனடா உளவியலாளர் குடிபெயர்ந்தவர்களின் போக்கை நான்காகப் பிரித்தார்: தன்னுடையதை வைத்துக்கொண்டு அங்குள்ளவர்களோடும் கலப்பது, தன்னுடையதை விட்டுவிட்டு முழுக்கக் கரைந்துபோவது, தனித்தே இருந்துகொள்வது, இரண்டிலும் ஒட்டாமல் நிற்பது. பொதுவாக முதல் வகையினரே நன்றாக இருக்கிறார்கள், கடைசி வகையினர் மிகவும் சிரமப்படுகிறார்கள். ஆக நம்மவர்களிடம் தாராளமாகப் போங்கள், தொட்டால் அழுகை வருகிற நாளில் தாய்மொழியில் பத்து நிமிடம் பேசுவது பெரிய மருந்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில கூட்டங்களில் அந்த நாட்டையும் அந்த மக்களையும் குறை சொல்வதே முழுநேரப் பேச்சாக இருக்கும். ஓபெர்க்கே இதைச் சொல்லியிருக்கிறார், வெளிநாட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து அந்த ஊரைத் திட்டுகிறார்கள் என்றால் அந்த அதிர்ச்சியில் இருக்கிறார்கள் என்று பொருள் என்று. அங்கிருந்து வீடு திரும்பும்போது மனம் இலேசாக இருக்கிறதா, இன்னும் கனத்துவிட்டதா என்று பாருங்கள், கனத்துவிட்டால் அடுத்த வாரம் போக வேண்டாம்.

காகித வேலைகள் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மனபாரத்தில் பாதி அதில்தான் ஒளிந்திருக்கும். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், வீடு வாடகைக்கு எடுக்க வங்கிக் கணக்கு கேட்பார்கள், இந்தச் சக்கரத்தில் சுற்றாதவரே இல்லை. முகவரி ஒன்று பதிவாகிவிட்டால் மற்றது மெல்ல அவிழும். அடையாள அட்டை, பட்டம், திருமணச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இருவர் போனிலும் வையுங்கள். 1961 ஹேக் ஒப்பந்தத்தின் கீழ் வருகிற அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள வைக்கிற முத்திரை, தேவைப்படுகிற சான்றிதழ் ஏதாவது பாக்கி இருந்தால், அதை வழங்கிய நாட்டில்தான் வாங்க முடியும், யாராவது ஊருக்குப் போகும்போது கொடுத்து அனுப்புங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி வைத்திருந்தால் அது எந்த ஒப்பந்தப்படி வழங்கப்பட்டது என்று பாருங்கள், 1949 ஒப்பந்தம் என்றால் ஒரு வருடம், 1968 என்றால் அதிகபட்சம் மூன்று வருடம். ஆனால் குடியேறியவர்கள் அதற்கு முன்பே உள்ளூர் உரிமத்துக்கு மாற வேண்டும் என்று பல நாடுகள் கெடு வைத்திருக்கின்றன, அந்தத் தேதியை இன்றே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். தூதரகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவசர எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், கூடவே உங்கள் முகவரியை அந்த ஊர் மொழியில் எப்படி உச்சரிப்பது என்று தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதறும்போது முதலில் மறந்துபோவது சொந்த முகவரிதான்.

இப்போது உங்கள் கணவர். உண்மையைச் சொன்னால், கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த ஜன்னல் திரைதான்.

நீங்கள் வேலையோடு வந்தீர்கள். காலையில் எழுந்தால் போக ஒரு இடம் உண்டு, அங்கே உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. அவருக்கு இந்த மூன்றும் ஒரே விமானப் பயணத்தில் போய்விட்டன. விசாவில் அவர் உங்களைச் சார்ந்தவர். வங்கியில், வாடகை ஒப்பந்தத்தில், போன் பில்லில் எல்லாம் உங்கள் பெயர். யாராவது கேட்டால் அவர் தன்னை இன்னாருடைய கணவர் என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுபோன்ற நிலையில் இருந்த ஒருவர் என்னிடம் வந்தபோது, ஊரில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவர், தபால் பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றார். உள்ளே இருக்கிற கடிதம் எதுவும் புரியாது, மனைவி வந்து படித்துச் சொல்லும்வரை மேஜை மேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடப்பாராம். மனைவி நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் தானே செய்தார், அவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. செய்யச் செய்ய அவர் இன்னும் சுருங்கிப் போனார்.

நீங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், குற்றம் சொல்லவில்லை, அன்பில் எல்லாரும் செய்கிற காரியம் அது. மாற்றிப் பாருங்கள். வீட்டில் சில பொறுப்புகளை முழுசாக அவரிடம் விடுங்கள். 'நான் சொல்கிறபடி செய்யுங்கள்' என்ற வகையில் வேண்டாம், தொடக்கம் முதல் முடிவு வரை அவர் பார்க்க வேண்டும். மின்சாரக் கணக்கு, இன்டர்நெட், குப்பை எந்தக் கிழமை எந்தத் தொட்டியில் என்பது, வீட்டுக்காரரோடு பேசுவது, இப்படி ஏதாவது இரண்டு. அவர் தப்பு செய்தாலும் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள், ஒரு வாரம் குப்பை எடுக்காமல் போனால் போகட்டும். அவர் பெயரில் ஒரு சிம், அவர் பெயரில் ஒரு வங்கி அட்டை, அவர் சட்டைப் பையில் தனியாக ஒரு சாவியும் பயண அட்டையும். உங்களிடம் கேட்காமல் ஒரு இடத்துக்குப் போய் வரவும் ஒரு பொருள் வாங்கவும் அவரால் முடிய வேண்டும். அப்புறம் அவர் விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா, இல்லை என்றால் எப்படிப் பெறுவது என்று எழுத்தில் பாருங்கள், பிறர் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். சம்பளமில்லாத தொண்டு வேலையைக்கூட வேலையாகவே கருதுகிற விசா விதிகள் உண்டு, சேரும் முன் அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். படிப்பு, மொழித் தேர்வு, பழைய தகுதியை அங்கே செல்லுபடியாக்குவது என்று கையில் ஒரு தேதி இருந்தால் மனிதன் காலையில் எழுந்துவிடுவான்.

இதைத் தியாகமாக நினைக்க வேண்டாம், உங்களுக்கும் இதில் பங்குண்டு. வெளிநாட்டுக்கு வேலையாக அனுப்பப்பட்டவர்களைப் பற்றி 1989-இல் ஸ்டூவர்ட் பிளாக்கும் கிரெகரி ஸ்டீஃபன்ஸும் செய்த ஆய்வில், துணைவர் ஒட்டிப்போனால் வேலைக்கு வந்தவரும் ஒட்டிப்போகிறார் என்று தெரியவந்தது. நீங்கள் அலமாரி முன்னால் உடைந்ததற்கு அவருடைய மௌனமும் ஒரு காரணமாக இருக்கலாம். அவரிடம் அந்த இருபது நிமிடத்தைப் பற்றிச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், அவருக்கு எதற்குப் பாரம் என்று விட்டிருப்பீர்கள். சொல்லுங்கள். அவருக்கு வெளியில் எல்லாம் சுலபமாக வந்துவிடுகிற ஒரு மனைவிதான் கண்ணுக்குத் தெரிகிறாள், தான் மட்டும்தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

அந்த ஜன்னல் திரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பகல் குறுகிய நாட்டுக்கு நீங்கள் போயிருந்தால், குளிர்காலத்தில் வெளிச்சக் குறைவாலேயே மனம் இறங்குகிறவர்கள் உண்டு, 1984-இல் நார்மன் ரோசன்தாலும் அவர் குழுவினரும் இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயரிட்டு எழுதினார்கள். எந்த நாடானாலும் காலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் இருவரும் நடந்துவிட்டு வந்தால் தூக்கம் சீராகும். ஆனால் நாளின் பெரும்பகுதி சோர்வாகவோ எதிலும் பிடிப்பில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு இருவரில் யாருக்கு வந்தாலும் அன்றைக்கே, அந்த நிமிடமே உதவி கேளுங்கள், அதற்கும் அந்த அவசர எண்தான். நன்றாக இருக்கும்போதே பக்கத்து மருத்துவரிடம் இருவர் பெயரையும் பதிந்து வையுங்கள், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள், பல நாடுகளில் மருத்துவமனைகளில் அந்த ஏற்பாடு இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். உங்கள் நிறுவனத்தில் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் ஆலோசகர் வசதி உண்டா என்றும் பாருங்கள்.

'கொடுத்து வைத்தவள்' என்ற சொல் எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டபின் வாயைத் திறந்து கஷ்டம் என்று சொல்ல முடியாது, சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவோம் என்று தோன்றும். எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், அக்காவோ பழைய சிநேகிதியோ, தீர்வு சொல்ல அவசரப்படாமல் கேட்கத் தெரிந்த ஒருவர். மற்றவர்களோடு பேசுவதற்கு வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வீடியோவில் ஊரோடு ஒட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு இங்கேயும் உயிர் அங்கேயுமாகத் தங்கிவிடும். ஊர் நினைவு வந்து அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் இதைப் பற்றியே தன் ஆய்வேட்டை எழுதினார், வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்கு ஒரு நோய்ப் பெயரே வைத்தார். இன்று யாரும் இதை நோய் என்பதில்லை, ஆனால் வலி என்பதில் அவர் தவறவில்லை.

சரி, திரும்பிப் போய்விடலாமா? போகலாம், தோழி. திரும்பிப் போவது தோல்வி இல்லை, போனவர்கள் நன்றாக வாழ்வதையும் பார்த்திருக்கிறேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். திரும்பினாலும் பழைய இடம் அப்படியே காத்திருக்காது, நீங்களும் அதே ஆளாக இருக்க மாட்டீர்கள். ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1963-இலேயே எழுதினார்கள், வெளிநாடு போனபோது விழுந்த அதே பள்ளம் ஊர் திரும்பிய பிறகும் ஒருமுறை வருகிறது என்று. அதனால் இன்றிலிருந்து ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதுவரை இந்தக் கேள்வியை வீட்டில் எடுக்க வேண்டாம், இரவு பதினோரு மணிக்கு அது தானாக வந்தாலும் 'தேதி இருக்கிறது' என்று சொல்லித் தள்ளிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தையோ வேலை ஒப்பந்தத்தையோ புதுப்பிக்கும் கெடு அதற்கு முன்னால் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்குள் என்னென்ன மாறியிருந்தால் தங்குவது என்று இப்போதே ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல். 'மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் அளக்க முடியாது. 'பெயர் தெரிந்த மூன்று பேர்', 'எனக்கு வேலை அனுமதி', 'போனில் தனியாகப் பேசி ஒரு காரியத்தை முடித்திருக்க வேண்டும்' என்று எழுதுங்கள். மடித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். அந்த நாள் வந்ததும் இரண்டு தாளையும் பிரித்து, அவருடையதை முதலில் படியுங்கள்.